ஆறு நாள், 565 மைல்: பிராங்க் ஹார்ட் என்ற ஓட்டக்காரர்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை ஓடி முடித்தவரைப் பார்த்து நாம் வியக்கிறோம். வியக்க வேண்டியதுதான். ஆனால் 1896-ல் ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடப்பதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, நியூயார்க் நகரில் ஒரு கறுப்பின இளைஞர் ஆறே நாளில் 565 மைல் தூரத்தைக் காலால் கடந்து உலக சாதனை படைத்தார். கிலோமீட்டர் கணக்கில் 909. சென்னையில் புறப்பட்டு, கன்னியாகுமரி போய்ச் சேர்ந்து, அங்கிருந்து திரும்பி ஏறக்குறைய விருதுநகர் வரை வந்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். அவர் பெயர் பிராங்க் ஹார்ட்.

அன்றைக்கு அமெரிக்காவில் பத்திரிகை படிக்கும் எவருக்கும் அந்தப் பெயர் தெரியும். அவர் படம் அச்சிட்ட அட்டைகள் விற்பனையாயின. அப்படிப்பட்டவர் எப்படி வரலாற்றிலிருந்து காணாமல் போனார்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அது அமெரிக்காவோடு நிற்பதில்லை. நம் ஊர்த் தெருவுக்கும் வந்து சேர்கிறது.

ஹைதியிலிருந்து பாஸ்டனுக்கு

ஹார்ட்டின் இயற்பெயர் பிரெட் ஹிச்போர்ன். 1850-களின் பிற்பகுதியில் கரீபியன் கடலில் உள்ள ஹைதி நாட்டில் பிறந்தார். ஹைதிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் 1791-ல் கிளர்ந்தெழுந்தார்கள். பிரெஞ்சுப் படையை விரட்டியடித்து 1804-ல் சுதந்திர நாட்டை அமைத்தார்கள். அடிமைகளே எழுந்து நின்று உருவாக்கிய நாடு அது.

அந்த மண்ணில் பிறந்த சிறுவன் பதின்பருவத்திலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தான். அங்கே மளிகைக் கடையில் வேலை. அமெரிக்காவில் 1865-ல்தான் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு தென் மாநிலங்களில் கறுப்பர்களின் வாக்குரிமையைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த மத்தியப் படைகள் 1877-ல் பின்வாங்கின. சட்டம் கொடுத்த உரிமையை ஊர்க் கட்டுப்பாடும் வன்முறையும் பறிக்கத் தொடங்கிய காலம் அது. சட்டப் புத்தகத்தில் சமத்துவம், தெருவில் இழிவு. இந்த நிலைமையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் அமெரிக்க நகரங்களில் ஒரு விளையாட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. அதுதான் நெடுந்தூர நடை, ஓட்டப் பந்தயம்.

ஏவலரின் கால்கள்

இந்தப் பந்தயம் பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பிரபுக்களின் வீடுகளில் ஓட்டக்கார ஏவலர்கள் இருந்தார்கள். எசமானின் குதிரை வண்டியோடு கூடவே ஓடுவதும், சேதி கொண்டுபோவதும் அவர்கள் வேலை. யாருடைய ஏவலர் வேகமானவர் என்று பிரபுக்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். கால் ஏவலருடையது. பந்தயப் பணமும் பெருமையும் எசமானுக்கு.

நம் கிராமங்களிலும் அப்படிப்பட்ட கால்கள் இருந்தன. ஊரில் ஒரு சாவு விழுந்தால், வெயிலென்றும் மழையென்றும் பாராமல் பல மைல் நடந்து உறவினர் ஊர்களுக்குப் போய் இழவு சொல்லிவிட்டு வரவேண்டியது சேரி மனிதரின் கடமை என்று விதித்திருந்தார்கள். அதற்குக் கிடைத்தது கொஞ்சம் தானியமும், தள்ளி நின்று வாங்கிய சோறும்தான். அந்தக் கால்களின் வேகத்தையும் வலுவையும் யாரும் அளந்து எழுதி வைக்கவில்லை.

இங்கிலாந்தில் காலப்போக்கில் இந்தப் பந்தயம் ஏவலர் கையை விட்டுப் பொது வேடிக்கையானது. 1809-ல் பார்க்ளே என்ற கனவான், ஆயிரம் மணி நேரம் தொடர்ந்து மணிக்கு ஒரு மைல் வீதம் ஆயிரம் மைல் நடந்து பெரும் பந்தயத் தொகை வென்றார். அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் என்பவர், ஆபிரகாம் லிங்கன் 1861-ல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்பதைப் பார்க்க பாஸ்டனிலிருந்து வாஷிங்டனுக்கு நடந்தே போனார். இதே வெஸ்டன் 1874-ல் ஆறு நாளில் 500 மைல் நடந்து காட்டினார். ஆறு நாள் பந்தயம் அதோடு சூடுபிடித்தது.

ஏன் ஆறு நாள்? ஞாயிற்றுக்கிழமை தேவாலய நாள். அன்று பொது வேடிக்கைகளுக்கு இடமில்லை. எனவே ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும், அதாவது திங்கள் பிறந்த உடனே, பந்தயம் தொடங்கும். சனிக்கிழமை இரவு முடியும். நடக்கலாம், ஓடலாம், படுக்கலாம், அவரவர் விருப்பம். ஆறு நாள் முடிவில் யார் அதிக தூரம் போயிருக்கிறாரோ அவர் வென்றவர்.

பந்தயம் சாலையில் நடப்பதில்லை. பெரிய கூரை அரங்குக்குள் மண்ணும் மரத்தூளும் கொட்டி வட்டப் பாதை போடுவார்கள். எட்டுச் சுற்று சுற்றினால் ஒரு மைல். பாதையோரம் ஒவ்வொருவருக்கும் ஒரு கூடாரம். அதில் ஒரு கட்டில், சூடு காட்ட அடுப்பு, கால் பிடித்துவிட ஆள். நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் உறங்கினால் அதிகம். அரங்கம் முழுக்கச் சுருட்டுப் புகை. பணம் கட்டிச் சூதாடுவோர் கூட்டம் இரவெல்லாம் கத்திக்கொண்டே இருக்கும். யார் எத்தனை சுற்று என்பதைக் கணக்கர்கள் குறித்துக்கொள்ள, அந்தக் கணக்கு தந்தி வழியே நாடு முழுக்கப் பத்திரிகைகளுக்குப் போகும்.

அயர்லாந்துக்காரரின் கை

பாஸ்டன் மளிகைக் கடை இளைஞருக்கு இந்தப் பந்தயம் ஒரு வழியாகத் தெரிந்தது. 1879 ஏப்ரலில் அந்நகரில் நடந்த 30 மணி நேரப் பந்தயத்தில் இறங்கி முதலிடம் பெற்றார். இதற்குப் பிறகு நாடறிந்தது பிராங்க் ஹார்ட் என்ற புதுப் பெயர்தான்.

இவருடைய திறமையைக் கண்டுகொண்டவர் டேனியல் ஓலியரி. அயர்லாந்தின் ஏழைக் குடும்பத்திலிருந்து பிழைக்க வந்து, சிகாகோவில் வீடு வீடாகப் புத்தகம் விற்றுத் திரிந்தவர் இவர். 1878-ல் லண்டனில் 520 மைல் கடந்து உலக வாகையர் பட்டயத்தை வென்றார். ஐரிஷ் மக்களையும் அன்று அமெரிக்காவின் மேல்தட்டினர் மட்டமாகவே பார்த்தார்கள். இழிவைப் பட்டறிந்தவர், இழிவுபட்ட இன்னொருவருக்குக் கை கொடுத்தார். ஹார்ட்டுக்குப் பயிற்சியும் பண ஆதரவும் தந்தார். ஓலியரியின் சீடர் என்பதால் ஹார்ட்டை பிளாக் டான் என்று அழைத்தார்கள்.

1879 செப்டம்பரில் மேடிசன் சதுக்க அரங்கில் உலகப் பட்டயத்துக்கான பந்தயம் நடந்தது. இங்கிலாந்தின் சார்லஸ் ரோவெல் 530 மைல் கடந்து வென்றார். ஹார்ட் 482 மைல் கடந்து நான்காம் இடம் பெற்றார். முன்பு சொன்ன வெஸ்டன் கூட இந்தப் பந்தயத்தில் அவருக்குப் பின்னால்தான் வந்தார். ஓராண்டு அனுபவம்கூட இல்லாத புது ஆளுக்கு இது பெரிய வெற்றி.

ஆனால் அந்த ஆறு நாளும் அவர் காதில் விழுந்தவை எல்லாம் வாழ்த்துகள் அல்ல. அரங்கின் ஒரு பகுதி அவரை உற்சாகப்படுத்தியது. இன்னொரு பகுதி நிறத்தைச் சொல்லி ஏசியது. பத்திரிகைகளில் சில, அவர் பெயருக்கு முன்னால் இழிசொல் சேர்த்து எழுதின. மற்ற ஓட்டக்காரருக்குத் தூக்கமும் வலியும்தான் எதிரி. ஹார்ட்டுக்கு ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது எதிரி ஒன்று காத்திருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் அதே அரங்கில் நடந்த இன்னொரு ஆறு நாள் பந்தயத்தில் ஹார்ட் 540 மைல் கடந்து முதலிடம் பெற்றார்.

1880 ஏப்ரல்

அடுத்தது 1880 ஏப்ரல் 5 திங்கள் முதல் 10 சனி வரை நடந்த ஓலியரி பட்டயப் பந்தயம். அந்த வாரத்துக்கு ஒரு பொருள் உண்டு. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி லீ சரணடைந்தது 1865 ஏப்ரல் 9 அன்று. சரியாகப் பதினைந்து ஆண்டு கழித்து, 1880 ஏப்ரல் 9 வெள்ளிக்கிழமை, பந்தயத்தின் ஐந்தாம் நாளில் கறுப்பரான ஹார்ட் சுற்றிக்கொண்டிருந்தார்.

களத்தில் அவர் ஒருவர் மட்டும் கறுப்பர் அல்ல. பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் பெக்ரமும் இருந்தார். நாள் ஆக ஆக வெள்ளை ஓட்டக்காரர்கள் பலர் கால் வீங்கியும் வயிறு கெட்டும் விலகினார்கள். ஹார்ட் நடையையும் ஓட்டத்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, தூக்கத்தைச் சுருக்கி, முன்னே போய்க்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை இரவு கணக்கு முடிந்தபோது ஹார்ட் 565 மைல். அன்றுவரை உலக சாதனையாக இருந்தது இங்கிலாந்தின் பிளோயர் பிரவுன் கடந்த 553 மைல். அதைவிட 12 மைல் கூடுதல். இரண்டாம் இடமும் கறுப்பருக்குத்தான்: வில்லியம் பெக்ரம் 543 மைல். ஹார்ட் அமெரிக்கக் கொடியைக் கையில் ஏந்திப் பாதையைச் சுற்றி வந்தார். ஆறு நாளும் சராசரியாக நாளுக்கு 94 மைல், அதாவது 151 கிலோமீட்டர். சுற்றுக் கணக்கில் 4,520 சுற்று.

அவருக்குக் கிடைத்த பணம் சுமார் 17,000 டாலர். அன்று கூலித் தொழிலாளி ஒருவர் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 500 டாலரைப் பார்ப்பது அரிது. முப்பது ஆண்டுக் கூலிக்கும் மேலான தொகையை ஒரு முன்னாள் மளிகைக் கடைத் தொழிலாளி ஆறு நாளில் ஈட்டினார். அவரது சாதனையை ஏழு மாதம் கழித்து ரோவெல் லண்டனில் ஒரே ஒரு மைல் கூடுதலாக, 566 மைல் கடந்து முறியடித்தார்.

சாத்தப்பட்ட கதவுகள்

வெற்றிக்குப் பின் ஹார்ட்டின் வாழ்க்கை நேர்கோட்டில் போகவில்லை. ஆடம்பரமும் சூதும் பணத்தைக் கரைத்தன. ஓலியரியோடு மனக்கசப்பு ஏற்பட்டது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வெள்ளையர் சூதில் தோற்றால் அது அவர் ஒருவருடைய குறை. ஒரு கறுப்பர் தோற்றால் அது அவர் இனத்தின் குறை. இப்படிப் பேசுவது அந்த நாட்டு வழக்கமாக இருந்தது. ஒடுக்கப்பட்டவர்களின் பிள்ளை ஒருவர் தடுமாறினால் ஊர் எப்படிப் பேசும் என்பது நமக்கும் தெரியும்.

ஹார்ட் ஓடுவதை நிறுத்தவில்லை. 1888-லும் மேடிசன் சதுக்க அரங்கில் ஆறு நாள் பந்தயத்தில் 500 மைலுக்கு மேல் கடந்தார். இடையில் கறுப்பினத்தவர் அணியில் பேஸ்பால் ஆடினார். தனி அணி எதற்கு? 1880-களிலேயே பெரிய பேஸ்பால் அணிகள் கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தன. அந்தக் கதவு ஜாக்கி ராபின்சனுக்காக 1947-ல்தான் திறந்தது.

1888 இறுதியில் இங்கிலாந்தின் ஜார்ஜ் லிட்டில்வுட் ஆறு நாளில் 623 மைலுக்கு மேல் கடந்தார். அதை முறியடிக்க 1984-ல் கிரேக்க வீரர் யானிஸ் கூரோஸ் வர வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் வெறும் வேடிக்கை காட்டியவர்கள் அல்ல என்பதற்கு இந்த 96 ஆண்டு இடைவெளியே சாட்சி. ஆனால் மக்களின் கவனம் சைக்கிள் பந்தயத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் கதவு சாத்தப்பட்டது. அமெரிக்க சைக்கிள் வீரர் கழகம் 1894-ல் கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி வைப்பது சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தது. ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் நடந்த அதே ஆண்டு.

ஹார்ட் 1908-ல் சிகாகோவில் காசநோயால் வறுமையில் இறந்தார். அந்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில்தான் மாரத்தான் முதன்முதலாக இன்றைய 42.195 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓடப்பட்டது. அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் ஒலிம்பிக்கில் முதல் தங்கம் பெற்றதும் அங்கேதான். அவர் தொடர் ஓட்டத்தில் வென்ற ஜான் டெய்லர்.

கூலி வாங்கினால் இழிவா?

ஹார்ட்டை உலகம் மறந்ததற்கு நிறம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அவர் பணத்துக்காக ஓடினார்.

இங்கிலாந்தின் கனவான்கள் தங்கள் தடகளக் கழகத்தில் 1860-களில் ஒரு விதி வைத்திருந்தார்கள். பரிசுப் பணம் வாங்கியவர் மட்டுமல்ல, கைத்தொழில் செய்பவரும் கூலி வேலை செய்பவரும்கூடப் போட்டியிடத் தகுதியற்றவர்கள். விளையாட்டுக்கும் தொழிலுக்கும் என்ன பகை? உழைத்துக் கை காய்த்தவரோடு ஒரே கோட்டில் நின்று ஓடித் தோற்க கனவான்களுக்கு மனமில்லை. புதிய தடகளச் சங்கம் இந்த விதியை நீக்கியது, ஹார்ட் சாதனை படைத்த அதே 1880 ஏப்ரலில். படகுப் போட்டிக்குப் பேர்போன ஹென்லியிலோ தொழிலாளர் மீதான தடை 1937 வரை நீடித்தது.

பணம் வாங்கினால் தீட்டு என்ற எண்ணம் ஒலிம்பிக்குக்கும் போனது. பழங்குடி வீரர் ஜிம் தோர்ப் 1912-ல் வென்ற இரண்டு தங்கப் பதக்கங்கள், முன்பு சில டாலருக்குப் பேஸ்பால் ஆடினார் என்ற காரணத்துக்காக 1913-ல் பறிக்கப்பட்டன. அவர் மட்டுமே வென்றவர் என்ற தகுதி முழுமையாகத் திரும்பக் கிடைத்தது 2022-ல். சோற்றுக்குக் கவலை இல்லாதவர் பணம் வாங்காமல் ஓடலாம். ஏழை எதைத் தின்று ஓடுவார்?

பரிசுக்கும் கூலிக்கும் ஓடியவர்களை ஒதுக்கிவிட்டுத்தான் ஓட்டத்தின் வரலாறு எழுதப்பட்டது. அதில் மாரத்தானுக்கு முந்தைய அத்தியாயமே மங்கிப்போனது. இந்தக் கணக்கு நம் ஊரிலும் நடப்பதுதான். சாவு வீட்டில் கூலி வாங்கிப் பறை அடிப்பவர் இழிந்தவர். சபையில் சன்மானம் வாங்கி வாசிப்பவர் வித்வான். இருவருடைய கையிலும் இருப்பது தாளம்தான்.

நமக்கும் அவருக்கும்

சாதியும் நிறவெறியும் ஒரே வேரின் கிளைகள் என்பதை நம் முன்னோர் அப்போதே கண்டார்கள். மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் வெளியிட்ட குலாம்கிரி என்ற நூலை, கறுப்பர்களின் அடிமை விலங்கை உடைக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946-ல் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதித் தொடர்பு கொண்டார்.

ஹார்ட் நியூயார்க்கில் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் நம் மக்களுக்கு நடக்கவே பல தெருக்கள் மறுக்கப்பட்டிருந்தன. வைக்கம் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் தொடங்கிப் பல மாதங்கள் போராட வேண்டியிருந்தது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன தெருக்களை நம் பாட்டன்மார் நன்கு அறிவார்கள். கிரிக்கெட்டில் 1911-ல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட் எடுத்த பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். புனேயில் சக ஆட்டக்காரர்கள் உள்ளே தேநீர் குடிக்க, அவருக்கு மட்டும் வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். விக்கெட் எடுக்க அவர் கை வேண்டும். அணித்தலைமைக்கு மட்டும் அவர் ஆகமாட்டார்.

இன்றும் விடியற்காலையில் நம் மாவட்டச் சாலைகளில் இளைஞர்கள் ஓடுவதைப் பார்க்கிறோம். காவலர் தேர்வின் உடல்திறன் சோதனைக்காக ஓடுபவர்கள் அவர்களில் பலர். வேலைக்காக, வயிற்றுக்காக ஓடுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹார்ட்டும் அதற்காகத்தான் ஓடினார். ஓடி உலகில் முதல்வரானார்.

மாணவர்களிடம் நாம் கேட்பது இரண்டே செயல்கள். உங்கள் பகுதியில் முன்பு ஓடியவர்கள், கபடி ஆடியவர்கள், இழவு சொல்ல இரவெல்லாம் நடந்தவர்கள் இருந்தால், அவர்கள் பெயரையும் தூரத்தையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொங்கல் விளையாட்டுப் போட்டியிலோ பள்ளி விளையாட்டு விழாவிலோ நம் பிள்ளைகளின் பெயரைச் சேர்க்கத் தயங்கினால், ஏன் என்று கேளுங்கள். ஹார்ட் கடந்த 565 மைல் இன்று நமக்குத் தெரிவது, அன்று பாதையோரம் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றையும் எழுதி வைத்த கணக்கர்களால்தான். நம் பக்கத்துக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.